ஆவணி பன்னிரண்டு, காலை ஒன்பதரை

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் சார். நான் இந்தப் பக்கம் இருந்துகொள்கிறேன். என் வேட்டி உங்கள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சேறு இன்னும் காயவில்லை. விழுந்துவிட்டேனா என்று கேட்கிறீர்களா? விழவில்லை. வயலில் இறங்கினேன். விழுவது வேறு, இறங்குவது வேறு.

தஞ்சாவூர் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்கிறார் கண்டக்டர். நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன். ஏனென்றால் நாளைக்கு இதையே வேறு மாதிரி சொல்ல நாலு பேர் இருப்பார்கள். நடந்தது நடந்தபடி ஒரு ஆளிடமாவது பதிவாக வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் இன்றைக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. போட்ட கடிதத்தைத் திரும்ப வாங்கவும் போகவில்லை. நெல் பூக்கிறதா என்று பார்க்கப் போனேன். பார்த்தேன். திரும்பி வருகிறேன்.

என் பெயர் தாயுமானவன். முசிறியில் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமரத்தடியில் இரண்டாவது மேஜை. முப்பத்தெட்டு வருடம். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தானம், உயில், எல்லாம் எழுதியிருக்கிறேன். இதுவரை என் பத்திரம் ஒன்றுகூடப் பிழை என்று திரும்பியது கிடையாது. எண்ணைத் தப்பாகப் போட்டேன், எல்லையை மாற்றிச் சொன்னேன் என்று ஒருவர் விரல் நீட்ட முடியாது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

எனக்கு ஒரே பையன், அழகேசன். கரூரில் மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளர். அவனுக்குப் போன ஆனியில் நிச்சயம் செய்தோம். பெண் வீடு திருவையாறு பக்கம். பெண்ணின் அப்பா சிவக்கொழுந்து, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். நல்ல மனிதர். அதிகம் பேச மாட்டார், பேசினால் வெற்றிலையைப் பற்றித்தான். பெண் பெயர் மங்கையர்க்கரசி. நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் விஞ்ஞானி. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கும், ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நான் முதலில் அப்படித்தான் நினைத்து என் முழங்கால் வலியைச் சொன்னேன். அவளும் பாதி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான், "மாமா, நான் நெல்லுக்குத்தான் வைத்தியம் பாக்குறவ" என்றாள். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கல்யாணம் ஆவணியில் என்று பேசினோம். தேதியைப் பார்த்து எழுதுகிறேன் என்று நான் சொன்னேன். அவர்களும் தலையாட்டினார்கள். ஊருக்கு வந்து, பஞ்சாங்கம் பார்த்து, ஜோசியரிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு, ஆவணி பன்னிரண்டு, காலை ஒன்பதரை முகூர்த்தம் என்று குறித்தேன். பந்தக்கால் ஆவணி ஏழு. பந்தக்கால் நட்டபின் பெண் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. மண்டபம், சமையல், நாதஸ்வரம், வந்தவர்களை எங்கே தங்கவைப்பது, பதினோரு பத்தி எழுதினேன். நல்ல காரியக் கடிதம் என்பதால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, க.எண் ஒன்று என்று மேலே போட்டு, சிவக்கொழுந்துக்கு அனுப்பினேன். நான் கடிதத்துக்கு எண் போடாமல் அனுப்புவதில்லை சார். எண் இல்லாத கடிதத்தை நாளைக்கு யாரும் வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

எட்டு நாளில் பதில் வந்தது. கையெழுத்து சிவக்கொழுந்துடையது இல்லை. பெண்ணுடையது.

நீங்களே சொல்லுங்கள். இரண்டு குடும்பத்துக்கு நடுவில் கல்யாணக் கடிதம் போகிறது. அதற்கு மணப்பெண் பதில் எழுதுவாளா? அதுவும் மாமனாருக்கு? ஆனால் குற்றம் சொல்ல வழியில்லாமல் எழுதியிருந்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தது. மேலே 'தங்கள் க.எண் 1 கிடைத்தது' என்று இருந்தது. 'அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்' என்று முதல் வரி. இரண்டாவது வரியிலேயே விஷயம். ஆவணி பன்னிரண்டு வேண்டாம், இருபத்தேழு வைத்துக்கொள்ளலாமா?

காரணம் என்ன தெரியுமா? அவளுடைய நெல் பூக்கப் போகிறதாம்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். அதேதான். 'கடைமடையில், கால்வாய்த் தண்ணீர் போய்ச் சேராத கடலோர ஊர்களில், மண் உப்பாகிக் கிடக்கிறது. அந்த உப்பிலும் சாகாத ஒரு நெல்லை நான்கு வருடம் தேடி எடுத்தேன். அதை நன்றாக விளையும் நெல்லோடு சேர்க்கிறேன். அந்த உப்பு தாங்கும் நெல்லில் பதினோரு செடிதான் தேறியிருக்கிறது. ஆடி இருபது தொடங்கி ஆவணி பதினைந்து வரை அவை பூக்கும். அதிகமாகப் பூப்பது ஆவணி ஏழிலிருந்து பதினான்கு வரை. பூவைச் சேர்க்கும் வேலையை இந்தப் பண்ணையில் நான் ஒருத்திதான் செய்கிறேன்.' கீழே கட்டம் போட்டு அட்டவணை வேறு.

நான் அவளுக்குப் பதில் எழுதவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறதே. சிவக்கொழுந்துக்குத்தான் எழுதினேன். க.எண் இரண்டு. 'தங்கள் மகளிடமிருந்து ஒரு கடிதம் வரப்பெற்றேன். அது தங்கள் சம்மதத்தோடு எழுதப்பட்டதா என்று தெரிவிக்கவும்.' அவரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. 'பூ விஷயம் எனக்குத் தெரியாது. மங்கையே எழுதும். இந்த வருஷம் கொடிக்கால் பரவாயில்லை.' அவ்வளவுதான் சார்! என் வீட்டுக்காரி தையல்நாயகி அந்தக் கார்டைப் படித்துவிட்டு அடுப்படிக்குள் போய் ஐந்து நிமிடம் வெளியே வரவில்லை. சிரித்தாள் என்று எனக்குத் தெரியும்.

அதற்கு மறுநாளே பெண்ணின் இரண்டாவது கடிதம். 'அப்பா சொன்னார், நானே எழுதலாமாம்.'

சரி, எழுது. க.எண் மூன்றை நேராக அவளுக்கே எழுதினேன். என்ன எழுதினேன்? 'நான் முப்பத்தெட்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நஞ்செய்க்குப் பத்திரம் எழுதியவன். ஒவ்வொரு வயலுக்கும் நான்கெல்லை சொல்வேன், வாய்க்கால் பாத்தியம் சொல்வேன், கிணற்றில் எத்தனை பங்கு என்று சொல்வேன். நெல்லுக்குப் பூ உண்டு என்று ஒரு பத்திரத்திலும் நான் எழுதியதில்லை. மல்லிகை பூக்கும், வாழை பூக்கும். நெல் கதிர்தான் விடும். படித்தவர்கள் சொன்னால் நம்பிவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம்.'

என்ன சிரிக்கிறீர்கள்? நீங்கள் நெல் பூத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஓ, நீங்கள் விவசாயமா. சரி. இருக்கட்டும். நான் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவன். வயல் என்னிடம் காகிதமாகத்தான் வரும்.

அவள் மூன்றாவது கடிதத்தில் ஒரு கதிரை ஒட்டி அனுப்பினாள். 'இணைப்பு: ஒன்று' என்று எழுதி. 'உமி இரண்டாகப் பிரியும். உள்ளிருந்து ஆறு மகரந்தப் பை வெளியே வரும். காலை ஒன்பதரைக்குத் திறந்தால் பதினொன்றரைக்குள் எல்லாம் மூடிவிடும். ஒரு பூ முக்கால் மணி நேரம்தான். மூடினால் மறுபடி திறக்காது.' அந்தக் கதிர் தபாலில் நசுங்கிக் காய்ந்து வந்தது. அதில் பூவும் இல்லை, பையும் இல்லை. நான் அதைச் சான்றாக ஏற்கவில்லை. ஆனாலும் கோப்பில் வைத்தேன்.

க.எண் நான்கு. சுருக்கமாகக் கேட்டேன். 'உனக்குக் கல்யாணம் முக்கியமா, நெல் முக்கியமா?'

இதற்கு என்ன பதில் வரும் என்று நினைக்கிறீர்கள்? தயங்குவாள், அழுவாள், அப்பாவை விட்டு எழுதச் சொல்லுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நாலாவது நாளே பதில். 'இரண்டும். அதனால்தான் இரண்டு தேதி கேட்கிறேன். கல்யாணத்துக்கு நாம் தேதி சொல்லலாம் மாமா. நெல்லுக்கு யாரும் சொல்ல முடியாது. இந்தப் பதினோரு செடி போனால் மறுபடி உப்பு வயலில் தேட வேண்டும். கிடைக்குமா என்று தெரியாது.'

அதைத் தையல்நாயகியிடம் வாசித்துக் காட்டினேன். "எப்படி எதிர்த்து எழுதுது பாரு" என்றேன். அவள் கேட்டுவிட்டு, "எதிர்த்தா எழுதியிருக்கு? கேட்டதுக்குப் பதில்தானே சொல்லியிருக்கு. நீங்க ஏன் இப்படிக் கேட்டீங்க?" என்றாள். வீட்டுக்குள்ளேயே எதிர்த்தரப்பு.

இந்த நேரத்தில்தான் பையனிடமிருந்து கடிதம் வந்தது. 'அப்பா, தேதியை இருபத்தேழுக்கு மாற்றிவிடுங்கள். மங்கை எல்லாம் எழுதியிருக்கிறாள். எனக்கும் அதுதான் வசதி.' மங்கை எல்லாம் எழுதியிருக்கிறாள்! அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கரூருக்கும் அந்தப் பண்ணைக்கும் தனியாக ஒரு தபால் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது. எத்தனை கடிதம் என்று கேட்டு எழுதினேன். 'பதினேழு' என்று பதில் எழுதினான். எனக்கு நான்கு, அவனுக்குப் பதினேழு. என்னைச் சுற்றி நின்றுகொண்டு எல்லாரும் முடிவெடுத்துவிட்டு, கடைசியில் என்னிடம் காகிதத்தை நீட்டுகிறார்கள் என்று தோன்றியது. அப்படித் தோன்றாதா சார்?

போன திங்கட்கிழமை மத்தியானம் மேஜையில் கூட்டமில்லை. உட்கார்ந்து க.எண் ஐந்தை எழுதினேன். இரண்டு பக்கம். சாதாரணக் கடிதம் மாதிரி இல்லை, முறைப்படி. ரத்துப் பத்திரம் எப்படி எழுத வேண்டுமோ அப்படி. 'இதற்கு முன் பேசப்பட்ட சம்பந்தம் கீழ்க்கண்ட காரணங்களால் இன்று தேதியில் ரத்து செய்யப்படுகிறது. இனி இரு தரப்புக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியமும் இல்லை.' காரணம் ஆறு. மூலையில் மஞ்சள் தடவவில்லை. பண்ணை முகவரி எழுதி, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு போட்டேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அவ்வளவு சுத்தமாக நான் ஒன்றை எழுதி ரொம்ப நாளாயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தையல்நாயகி சத்தம் போடவில்லை. முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அழகேசனுக்கு யார் எழுதுறது? நீங்களா, நானா?"

நான் மேல்துண்டை உதறி ஆணியில் மாட்டினேன்.

"இல்ல, கேக்குறேன். பதினேழு கடிதம் எழுதின பையன். அவனுக்கு ஒரு கடிதம் எழுதணுமில்ல? நல்லா எழுதுறவங்க நீங்கதானே வீட்டுல."

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் பேசவில்லை. சாப்பாடு போட்டாள், பேசவில்லை. நான் தபாலாபீசுக்குப் போய் நேற்றைய பதிவுத் தபால் பை போய்விட்டதா என்று சும்மா விசாரித்தேன். போய்விட்டது என்றார்கள். போன தபாலை வழியில் நிறுத்த விதி உண்டா என்று சும்மா கேட்டேன். மனு எழுதிக் கொடுக்க வேண்டும், அது போவதற்குள் கடிதம் போய்விடும் என்றார் போஸ்ட்மாஸ்டர். பொது அறிவுக்காகத்தான் கேட்டேன். புதன்கிழமை காலை பத்து மணிவாக்கில் போய்ச் சேரும் என்றும் அவராகவே சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நெல் பூக்காது என்று எழுதியிருக்கிறேன். நேரில் பார்க்காமல் எழுதிவிட்டேன். ஒரு பத்திரத்தில் இடத்தைப் பார்க்காமல் எல்லை எழுதலாமா? கூடாது. ஆகவே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். புதன்கிழமை, அதாவது இன்றைக்குத்தான், தோதாக இருந்தது. விடியற்காலை நாலு மணி பஸ். திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, அங்கிருந்து இன்னொரு பஸ். ஒன்பதேகாலுக்குப் பண்ணை வாசலில் இருந்தேன். வாட்ச்மேனிடம் முதல் வேலையாகக் கேட்டேன், "தபால் வந்துட்டுதா?" வரவில்லை என்றார். மூச்சு விட்டேன். நடந்த களைப்புதான்.

அவள் வயலுக்குள் இருந்தாள். தலையில் துண்டு, கால் சட்டையை முழங்கால் வரை சுருட்டியிருந்தாள், கையில் சின்ன இடுக்கி. பக்கத்தில் அஞ்சலை என்று ஒரு வேலைக்கார அம்மாள். என்னைப் பார்த்ததும் அவள் ஓடி வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. அங்கிருந்தே கையைத் தூக்கி, "வாங்க மாமா! வரப்புலயே வாங்க. வலது பக்கம் காலை வைக்காதீங்க, அதான் அந்தப் பதினொன்னு" என்றாள்.

நான் இடது பக்கம் காலை வைத்தேன். முழங்கால் வரை போய்விட்டது. அஞ்சலை, "பெரியவர் நடவுக்கே வந்துட்டாரு" என்றாள். இப்போது புரிகிறதா? விழவில்லை.

"நான் உன்னிடம் ஒரு விஷயம் பேசணும்" என்றேன்.

"பதினொன்றரை வரைக்கும் பேச முடியாது மாமா. தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப திறந்துடும்."

"திறக்கட்டும் பார்க்கலாம்" என்று வாட்சைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பதரை ஆயிற்று. ஒன்றும் திறக்கவில்லை. ஒன்பது முப்பத்தைந்து. ஒன்றும் இல்லை. சரி, என் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தைரியம் வந்தது. ஒன்பது நாற்பத்திரண்டுக்கு, என் கண்ணுக்கு நேரே இருந்த கதிரில் ஒரு மணி, நெல்மணி சார், நடுவில் கீறல் விட்டது. யாரோ உள்ளே இருந்து கதவைத் தள்ளுகிற மாதிரி மெதுவாக இரண்டாகப் பிரிந்தது. ஆறு நூல் வெளியே வந்தது. நூல் நுனியில் மஞ்சளாகத் தொங்கியது. எண்ணினேன், ஆறுதான். அதற்குள் பக்கத்து மணி திறந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கதிர் முழுக்க.

நான் விடவில்லை. "ஒன்பதரைன்னு எழுதியிருந்தே. ஒன்பது நாற்பத்திரண்டு. பன்னிரண்டு நிமிஷம் தப்பு" என்றேன்.

"நேத்து மேகம் மாமா. அதான் தாமதம். குறிச்சுக்கிறேன்" என்று உண்மையிலேயே குறித்துக்கொண்டாள். என்னுடைய திருத்தம் அவளுடைய நோட்டில் ஏறியிருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

அந்த நேரத்தில்தான் வரப்பில் தபால்காரர் வந்தார். சைக்கிளை மேட்டில் போட்டுவிட்டு, கடிதத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மா, ரெஜிஸ்டர் தபால்!" என்று.

என் கடிதம். என் கைக்கு மூன்றடி தூரத்தில். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உறையைப் பார்த்தாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? மூலையைப் பார்த்தாள். மஞ்சள் இல்லை. உறையைத் திருப்பி மற்ற மூலைகளையும் பார்த்தாள். பிறகு அதைப் பிரிக்காமல் இடுக்கிப் பெட்டிக்கு அடியில், வரப்பில் வைத்தாள்.

"நீங்களும் வந்திருக்கீங்க, உங்க கடிதமும் வந்திருக்கு. பதினொன்றரைக்கு ரெண்டையும் பாக்குறேன்" என்றாள். குனிந்து வேலையைத் தொடங்கிவிட்டாள்.

நீங்கள் நினைப்பது புரிகிறது. எடுத்துச் சட்டைக்குள் போட்டிருக்கலாம், அவள் முதுகு என் பக்கம்தான் இருந்தது. எடுக்கலாம். ஆனால் ஒப்புகை அட்டையில் கையெழுத்து ஆன தபால் பெற்றவருடைய சொத்து. நான் தொட்டால் அது திருட்டு. முப்பத்தெட்டு வருடம் அடுத்தவர் சொத்துக்குக் காகிதம் எழுதியவன் ஒரு உறையைத் திருடுவானா? கேட்டு வாங்கியிருக்கலாமே என்பீர்கள். எதற்குக் கேட்க வேண்டும்? அதில் எழுதியது எல்லாம் சரியாகத்தானே எழுதியிருந்தேன்.

சும்மா நிற்கவும் முடியவில்லை. அவள் ஒவ்வொரு கதிருக்கும் வேலை முடித்து, காகித உறை மாட்டி, ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கட்ட வேண்டும். அஞ்சலைக்கு எழுத்துத் தெரியாது. இவளே இடுக்கியை வைத்துவிட்டு எழுதுவாள், மறுபடி இடுக்கியை எடுப்பாள். எழுதும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பூ மூடிவிடுகிறது. எழுத்தும் கோழி கிளறிய மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. "கொண்டா இங்கே" என்று வாங்கினேன்.

பென்சிலில்தான் எழுத வேண்டுமாம். மழை பெய்தால் மை ஓடிவிடும், பென்சில் ஓடாது. முதல் வரி தாய்ச் செடி, இரண்டாவது வரி தகப்பன் செடி, மூன்றாவது தேதி. நான் ஆட்சேபித்தேன். "எந்த ஆவணத்திலும் தகப்பனார் பெயர்தான் முதல்ல வரும்."

"இங்க தாய்தான் முதல்ல மாமா. உலகம் பூரா அப்படித்தான் எழுதுறாங்க."

"யார் இந்தச் சட்டம் போட்டது?"

"விதையை எது சுமக்குதோ அது போட்டது" என்றாள் அஞ்சலை. அந்த அம்மாளை யாரும் கேட்கவில்லை.

தொண்ணூற்று நான்கு அட்டை எழுதினேன் சார். ஒரு பிழை இல்லை. நடுநடுவே அந்தப் பெட்டியைப் பார்ப்பேன். உறை நுனி வெளியே தெரிந்துகொண்டே இருந்தது. எழுபதாவது அட்டையில் ஒரே வரியை இரண்டு தடவை சரிபார்த்தேன். வெயில்தான். அவள் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், மூலையைப் பார்த்தாளே. தெரிந்தும் அப்படிக் குனிந்து ஒவ்வொரு பூவாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். அதை என்னவென்று சொல்வது? திமிர் என்று சொல்லலாம். நான் திங்கட்கிழமை அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பதினொன்று இருபதுக்கு எல்லாம் மூடியது. அவள் கரையேறி, கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். இரண்டு பக்கத்தையும் படித்தாள். என் எதிரே ஒருவர் என் எழுத்தைப் படிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கட்சிக்காரர்கள் படிப்பார்கள், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கு முடியவில்லை. காதோரம் சிவந்தது அவளுக்கு. ஆறாவது காரணத்தில் ரொம்ப நேரம் நின்றாள். ஆறாவது காரணம் கொஞ்சம் கடுமைதான். அதை இப்போது சொல்ல மாட்டேன்.

படித்து முடித்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

"மாமா, இதுல எழுதிக் கொடுப்பவர் கையெழுத்து இல்லையே."

"என்ன?"

"வலது பக்கம் 'எழுதிக் கொடுப்பவர்'னு போட்டு, கீழே காலியா இருக்கு. இடது பக்கம்தான் 'எழுதியவர்: தாயுமானவன், பத்திர எழுத்தர், முசிறி'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

வாங்கிப் பார்த்தேன். ஆமாம் சார். வலது பக்கம் காலி.

உங்களுக்கு இது விளங்க வேண்டும். எங்கள் தொழிலில் பத்திரத்தை எழுதுகிறவர் ஒருவர், அதற்குச் சொந்தக்காரர் இன்னொருவர். சொத்தைக் கொடுக்கிறவர் வலது பக்கம் கையெழுத்துப் போடுவார். எழுதின நான் இடது பக்கம் ஓரமாகப் போடுவேன். வலது பக்கத்தை விட்டுவைப்பேன், அதில் கை வைக்க எனக்கு உரிமை கிடையாது. முப்பத்தெட்டு வருடப் பழக்கம். கை தானாகவே இடது பக்கம் போய்விட்டது. கைப்பழக்கம்தான், வேறு ஒன்றும் இல்லை. தையல்நாயகி கேட்டால் வேறு விதமாகச் சொல்லுவாள். அவளிடம் சொல்லப் போவதில்லை.

அவள் எழுந்து நின்றாள். நான் தொண்ணூற்று நான்கு அட்டை எழுதிய அதே பென்சிலை எடுத்து நீட்டினாள்.

"போட்டுடுங்க மாமா. அரைகுறையா இருக்க வேண்டாம். நீங்க போட்டுட்டா, நான் அப்பாவுக்குச் சொல்லிடுறேன். அவருக்கும் நானே எழுதிடுறேன்."

அழகேசனைத்தான் சொன்னாள். குரல் சரியாகத்தான் இருந்தது. பென்சிலைத்தான் தலைகீழாக நீட்டியிருந்தாள். அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "பென்சிலிலா? பென்சிலில் கையெழுத்தா? என்ன நினைச்சிக்கிட்டிருக்கே? பென்சிலில் போட்ட கையெழுத்து எந்த ஆபீசிலும் செல்லாது. அழிச்சா போச்சு! என்னைப் பார்த்தா அப்படிப் பத்திரம் முடிக்கிறவனாத் தெரியுதா?" என்று சத்தம் போட்டேன். பக்கத்து வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவள் என் கையில் இருந்த காகிதத்தைக் காட்டினாள். பிறகு கேட்டாள். "அப்ப இது என்ன மாமா?"

"கையெழுத்து ஆகாத வரைக்கும் வரைவு."

"வரைவுன்னா திருத்தலாமா?"

"திருத்தலாம். திருத்தத்தைப் பென்சில்லதான் செய்யணும்."

"அப்ப திருத்துங்க" என்று பென்சிலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

அவள் சொன்னதற்காக இல்லை. பிழையுள்ள வரைவை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு முடியாது. வரப்பில் உட்கார்ந்தேன். ரத்து என்ற சொல்லை அடித்தேன். காரணம் ஒன்றிலிருந்து ஆறு வரை அடித்தேன். ஆறை இரண்டு தடவை அடித்தேன். பாத்தியம் இல்லை என்ற இடத்தில் 'இல்லை'யை எடுத்தேன். தேதியை ஆவணி இருபத்தேழு என்று திருத்தினேன். அவள் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேரத்தை ஆறரைக்கு வைக்கலாமா மாமா? வெயிலுக்கு முன்னாடி" என்றாள்.

அங்கேதான் நான் நின்றேன். "முடியாது. நேரம் காலை ஒன்பதரைதான். அதில் ஒரு நிமிஷம் மாறாது" என்றேன்.

"சரி மாமா" என்றாள்.

பார்த்தீர்களா? விட்டுக்கொடுத்தேன் என்று யாராவது சொன்னால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். நேரம் என்னுடையது. நான் குறித்த நேரம்தான் நிற்கிறது.

இப்போது முசிறியில் இறங்கியதும் நேராக மண்டபத்துக்காரரிடம் போய் இருபத்தேழுக்கு மாற்ற வேண்டும். பிறகு அச்சாபீஸ். அடுத்த புதன்கிழமை மறுபடி பண்ணைக்கு வர வேண்டியிருக்கிறது. சேர்க்கிற நல்ல நெல்லின் இரண்டாவது விதைப்பு அப்போதுதான் பூக்கும், இருநூறு அட்டைக்கு மேல் வரும் என்கிறாள். அவள் கூப்பிட்டதால் இல்லை. என் கையெழுத்தில் ஆரம்பித்த பதிவை இன்னொரு கையெழுத்தில் முடிக்கக் கூடாது, அது முறையில்லை.

தஞ்சாவூர் வந்துவிட்டது போலிருக்கிறதே. நீங்கள் இங்கேயா இறங்குகிறீர்கள்? இருங்கள், நான் எழுந்து வழி விடுகிறேன்.

என்ன சார், சட்டைப் பையையே பார்க்கிறீர்கள்? ஆமாம், பேனாதான். மை இருக்கிறது, காலையில்தான் நிரப்பினேன். அவளும் இதே இடத்தைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.